ஹட்டனில் பயிற்சிக் காலம்: 45,000 ரூபாயில் ஒரு மாதம்

2025 ஜனவரியில் கூடலூரிலிருந்து இலங்கை மலைநாட்டிலுள்ள ஹட்டனுக்குப் போனேன். சமூகப்பணி முதுகலைப் படிப்பின் கடைசிப் பருவத்துக்கான களப்பயிற்சி. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் தாய்மார்களின் உணவுப் பழக்கம் பற்றிய வேலை. பயிற்சி கொடுத்த நிறுவனம் மாதம் 45,000 இலங்கை ரூபாய் தந்தது. தங்குமிடம், சாப்பாடு, பஸ் எல்லாம் அதற்குள்தான். விசா, விமானம், கொழும்பிலிருந்து ரயில் ஆகிய செலவுகளை ஊரிலேயே தனியாக ஒதுக்கிவிட்டதால் மாதக் கணக்கில் அவை நுழையவில்லை. அப்படிப் பிரித்து வைப்பது நல்லது.

ஓர் இந்திய ரூபாய்க்கு அப்போது சுமார் மூன்றரை இலங்கை ரூபாய். நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் எந்த விலையையும் மூன்றரையால் வகுத்துப் பார்த்து, 'பரவாயில்லையே' என்று வாங்கிவிடுகிறார்கள். இலங்கை ரூபாயில் சம்பளம் வாங்குகிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியிருந்தது. வகுத்தால் அறுபதுக்குப் பக்கம், கேட்க ஒன்றும் இல்லை. ஆனால் சம்பலுக்கும் ரொட்டிக்கும் வாரம் மூன்று காய் என்றால் மாதம் 2,400 போய்விடும். அந்த மலை உயரத்தில் தேங்காய் அவ்வளவாக விளையாது. குருநாகல், புத்தளம் பக்கமிருந்து ஏறி வர வேண்டும்.

ஹட்டனை அடுத்த டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில், கொழுந்து எடுக்கும் ஓர் அக்காவின் வீட்டில் அறை கிடைத்தது. கரண்டும் தண்ணீரும் சேர்த்து 10,000 ரூபாய். அவருடைய அடிப்படை நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபாய். மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்தாலும் 33,750, அதிலும் ஈ.பி.எஃப். பிடித்தம் போகும். படிக்க வந்த என் கைக்கு அதைவிட அதிகம் வந்தது. அவர் அதில்தான் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார். அந்த வாடகையில் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. அங்கே போகிற யாரும் பேசக்கூடாது என்றுதான் சொல்வேன். செலவைக் குறைக்க வேறு இடங்கள் இருக்கின்றன.

அவற்றைக் காட்டியவரும் அக்காதான். நான் போய்ச் சேர்ந்த வாரமே, "தங்கச்சி, கப்பல்ல வர்ற சாமானுக்கு முதல்ல சல்லிய ஒதுக்கிருங்க. மலையில வெளையுறத அன்னன்னைக்குப் பாத்துக்கலாம்" என்றார். என் மாதக் கணக்கு முழுவதும் இந்த ஒரு பேச்சிலிருந்து வந்தது. பால்மா, அதாவது பால் பவுடர், பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து வருகிறது. மைசூர் பருப்பு கனடா, ஆஸ்திரேலியாவிலிருந்து. ரொட்டிக்கான மாவு உள்நாட்டில் அரைத்தாலும் கோதுமை வெளியிலிருந்துதான். பெரிய வெங்காயம் பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து போகிறது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது பட்ட பாட்டை ஹட்டன் கடைக்காரர்கள் மறக்கவில்லை. 2022 நெருக்கடியில் 200 ரூபாயாக இருந்த டாலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. இந்தச் சாமான்களும் கூடவே ஏறின. அந்தப் பயம் வீடுகளில் இன்னும் இருக்கிறது.

அதனால் பணம் வந்த அன்றே அரிசி, பருப்பு, மா, சீனி, சவர்க்காரம் ஆகியவற்றை மாதத்துக்குச் சேர்த்து அரசுக் கடையான சதொசவில் வாங்கிவிடுவேன். நாட்டரிசிக்கு அரசு வைத்திருந்த உச்ச விலை கிலோ 230. எல்லாம் சேர்த்து 9,000க்குள் முடியும். தோட்டத்தில் பத்தாம் தேதி சம்பளம் என்பதால் அதை ஒட்டிய நாட்களில் டவுன் நெரியும். அதற்கு முன்னால் போய் வந்தால் நிம்மதி.

பால்மாவை அடியோடு விட்டேன். பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) மாடு வைத்திருந்தவரிடம் காலையில் பால் வாங்கிக்கொண்டேன். விலையும் குறைவு, காசும் தோட்டத்துக்குள்ளேயே நின்றது.

காஸ் அடுத்த பெரிய விஷயம். 12.5 கிலோ சிலிண்டர் நான் போனபோது 3,690 ரூபாய். தனி ஆளுக்கு அது தேவையில்லை. 5 கிலோவும் 2.3 கிலோவும் கிடைக்கின்றன. ஆனால் வெற்றுச் சிலிண்டரைப் புதிதாக வாங்கப் போனால் முதல் மாதமே கை கடிக்கும். எனக்கு முன்பு பயிற்சிக்கு வந்தவர் அலுவலகத்தில் விட்டுப்போன 5 கிலோ சிலிண்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். காலைத் தேநீருக்கு மட்டும் அது. இரவுச் சமையல் அக்காவோடு விறகடுப்பில், கவ்வாத்து மிலாறு (வெட்டிவிட்ட தேயிலைச் செடியின் குச்சிகள்) எரித்து. சாமானில் என் பங்கைக் கொடுத்துவிடுவேன்.

கரண்ட் வாடகைக்குள் இருந்தாலும் அதில் கவனமாக இருந்தேன். இலங்கையில் மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டண முறையே மாறி பில் எகிறும். டிக்கோயாக் குளிரில் ஹீட்டர் போட்டுக் குளிக்க ஆசை வரும். அதன் சுமை அக்கா தலையில் விழும். அடுப்பில் கொதித்த தண்ணீரே எனக்குப் போதுமாக இருந்தது.

மரக்கறி மலையிலேயே விளைகிறது, மலிவாகத்தானே இருக்கும் என்று தோன்றும். மழை அதிகமானால் கதை வேறு. 2024 ஜனவரியில் நுவரெலியா மாவட்டத்திலேயே கரட் கிலோ 1,000 ரூபாயைத் தாண்டியது. ஆகவே இந்தக் காய்தான் வேண்டும் என்று நினைத்துச் சந்தைக்குப் போகக்கூடாது. கோவா (முட்டைக்கோஸ்) மலிந்த வாரம் கோவா, லீக்ஸ் மலிந்த வாரம் லீக்ஸ். காய், பால், தேங்காய் சேர்த்து மாதம் 8,000 வைத்தேன். மதியச் சோறு, பிளேன்டிக்கு (பாலில்லாத தேநீர்) 5,000, பஸ்ஸுக்கு 3,000, போன் ரீலோடுக்கு 1,500.

பஸ் கணக்கில் ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாதப் பௌர்ணமியான வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக அந்த மலைப் பக்கம் போகும் பஸ்தான் டிக்கோயாவுக்கும். போயாவும் (பௌர்ணமி விடுமுறை) வார விடுமுறையும் சேர்ந்தால் ஏற இடம் இருக்காது. ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டிவரும். அந்த நாட்களில் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் கிளம்பிவிடுவேன்.

மிச்சம் 8,500. இதைத் தொடாமல் வைத்தது மே மாதத்தில் உதவியது. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் துணி காயாது, செருப்பு தாங்காது, சளி விடாது. மழைக்கோட்டு, பூட்ஸ், மருந்து எல்லாம் அதிலிருந்துதான். இந்திய ஏ.டி.எம். அட்டையில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கட்டணம் பிடிக்கிறார்கள். தோட்டக் கடைகளில் ரொக்கம்தான் நடக்கும். அவசரத்துக்கு ஊரிலிருந்து எடுப்பதானால் ஒரே தடவையில் எடுப்பது மேல்.

ஜூனில் கிளம்பும்போது அந்தச் சிலிண்டரை அடுத்து வந்த மாணவியிடம் கொடுத்தேன். என் கணக்குக் கொப்பியையும் கேட்டாள். விலைகளை அடித்துவிட்டு, சாமான் பெயர்களை மட்டும் விட்டுக் கொடுத்தேன். விலையை அக்காவிடம் கேட்டு எழுதிக்கொள்ளச் சொன்னேன்.