கார்பன் ஸ்டோரேஜ் மானிட்டர் டிசைன்ல ஊர்க்காரங்க கேள்விய சேத்த அனுபவம்

கோயம்புத்தூர்ல சென்சார் டிசைன் பண்ற ஒரு சின்ன டீம்ல வேலை செய்றேங்க. பூமிக்கு அடியில கார்பன் டை ஆக்சைட எறக்கி வெக்கற இடங்கள்ல, மேல மண்ணு வரைக்கும் கசிஞ்சு வருதான்னு பாக்கற பாக்ஸ்தான் எங்களுது. நம்ம கொங்கு பக்கம் அந்த ஸ்டோரேஜ் கெடையாது, இங்க அடியில பூரா கெட்டிப் பாறை, அதுக்கு பொதுவா 800 மீட்டருக்குக் கீழ மணற்பாறையும் அது மேல மூடி மாதிரி இறுகுன களிப்பாறையும் வேணும். பாக்ஸ் போறது வெளிநாட்டுக்கு, ஆனா வெயில் மழை டெஸ்ட் காங்கேயம் பக்கத்துத் தோட்டங்கள்லதான். அப்ப நான் சொன்னேன், இது பக்கத்துல குடியிருக்கப் போறவங்களுக்கு என்ன பயம்னு கேக்காம டிசைன முடிக்கக் கூடாது, கெணறும் வெள்ளாமையும் வெச்சிருக்கறவங்க இங்கயே இருக்காங்க, கேட்டுருவோம்னு.

தோட்டத்துல பாக்ஸ வெக்க சம்மதம் வாங்கறதுதான் பெரும்பாடு. 2013ல வெளைநிலத்துல கேஸ் பைப் போடறதுக்கு எதிரா ஏழு மாவட்டத்து விவசாயிங்க நின்னதும், நொய்யல்ல சாயத்தண்ணி வந்து ஒரத்துப்பாளையம் டேம் என்ன கதிக்கு ஆச்சுங்கறதும் யாரும் மறக்கல. ஒரு பெரியவர் எடுத்த ஒடனே கேட்டார், "அளக்கறதும் நீங்க, கசியலைன்னு சொல்றதும் நீங்கன்னா, நாங்க எதைக் கண்ணு நம்பறது?" கடைசி வரைக்கும் எங்கள இழுத்துட்டுப் போனது இந்த ஒரு கேள்விதான்.

ஸ்லைட விட்டுட்டு நடந்தத சொன்னேன். நார்வேல ஸ்லைப்னர்ங்கற எடத்துல 1996ல இருந்து கடலுக்கடியில எறக்கறாங்க, இதையும் சொன்னேன், 2020 பிப்ரவரில அமெரிக்கால சட்டார்ஷியாங்கற ஊர்கிட்ட இந்த கேஸ் போற பைப் ஒடஞ்சு 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, அதையும் மறைக்காம சொன்னேன். அது ஸ்டோரேஜ் இல்ல, பைப்தான், ஆனா ஊர்ல இருக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்களே.

அதக் கேட்டுட்டு ஒரு அக்கா சொன்னாங்க, "அந்தக் கேஸு காத்த விட கனம்னா கெணத்துக்குள்ளதான தங்கும், மோட்டார் பாக்க எறங்கறவனுக்கு யாருங்க சொல்றது?" எங்க டிராயிங்ல சென்சார் மண்ணுக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு. வெஷக்காத்துல கெணத்துக்குள்ள ஆள் செத்த செய்தி நாமெல்லாம் படிச்சதுதான, அந்தக் கேள்விக்கு அப்பறம் எனக்கு வேற எதுவும் ஓடல. கேபிள்ல கெணத்துக்குள்ள தொங்கற ஒரு சென்சார், மேல வெளிய செவப்பு லைட், சைரன், நெட் இல்லைன்னாலும் அடிக்கணும், இவ்வளவையும் ஸ்பெக்ல ஏத்துனோம். வெளிநாட்டுலயும் வீட்டுக்கு அடியில நெலவறை இருக்குதுங்க, அங்கயும் இதே கதைதான்.

அடுத்தது பொய் அலாரம். மழை பேஞ்சா வேரும் நுண்ணுயிரும் மூச்சு விட்டே மண்ணுல கார்பன் டை ஆக்சைடு தானா ஏறும். கனடாவுல இதே கேஸ பூமிக்கு அடியில எறக்கற வெய்பர்ன் பக்கம் 2011ல ஒரு பண்ணைக் குடும்பம் கேஸ் கசியுதுன்னு சொல்ல பெரிய விசாரணையே நடந்துச்சு, ஆக்சிஜன் மாதிரி மத்த வாயுக்களையும் சேத்து அளந்து பாத்துதான் மண்ணுல இயற்கையா வந்ததுன்னு முடிவுக்கு வந்தாங்க. வேர் மூச்சுன்னா எவ்வளவு ஆக்சிஜன் கொறையுதோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் இது ஏறும், அடியில இருந்து வந்தா அந்தக் கணக்கு ஒதைக்கும். அதனால ஆக்சிஜன் சென்சாரும் வேணும்னு கேட்டேன், செலவு ஏறுதுன்னு ஆபீஸ்ல ஒத்துக்கல, "ரெண்டு தடவ சும்மா அடிச்சா மூணாவது தடவ நாங்க ஓட மாட்டோம்"னு ஊர்ல சொன்னத அப்படியே எழுதி மீட்டிங்ல வெச்சப்பறம்தான் எறங்கி வந்தாங்க.

அந்தப் பெரியவர் கேள்விக்கு பாக்ஸ் மேலயே டிஸ்ப்ளே வெச்சோம், உள்ளூர் மொழில. ரீடிங் எங்களுக்கு வர்ற அதே நேரத்துல தோட்டத்துக்காரருக்கும் தெரியும், பழைய ரீடிங் மெமரி கார்டுல கெடக்கும், யார்கிட்ட வேணாலும் குடுத்து சரிபாத்துக்கலாம். இதுக்குத்தான் ஆபீஸ்ல ரொம்ப மல்லுக்கட்ட வேண்டி இருந்துச்சு, நாம பாக்கறதுக்கு முன்னாடி ஜனங்க பாத்தா பீதியாயிருவாங்கன்னாங்க. மறைச்சாத்தான் பீதி ஆவாங்கன்னு நான் இப்பவும் சொல்றேன்.

ஒண்ணு மட்டும் இன்னும் முடியல. "கம்பெனி போன பொறவு யாரு பாப்பாங்க?"ன்னு கேட்டாங்க. அமெரிக்கால எறக்கறத நிறுத்துனதுக்கு அப்பறம் 50 வருசம் கண்காணிக்கணும்ங்கறதுதான் பொதுவான விதி, ஐரோப்பால பொறுப்பு அரசாங்கத்துக்கு மாற பொதுவா 20 வருசமாவது ஆகணும். எங்க பேட்டரிக்கு அவ்வளவு ஆயுசு ஏதுங்க. கடைல கெடைக்கற பேட்டரி போட்டு உள்ளூர் ஆளே மாத்தற மாதிரி டிசைன மாத்திட்டோம், அந்தக் காச யார் குடுக்கறதுன்னு கிளையண்ட்டுக்கு எழுதி அனுப்பிருக்கேன், பதில் வந்தாத்தான் கடைசி டிராயிங்ல கையெழுத்து போடறதா இருக்கேன்.