இரண்டாவது முறையில் பாஸ்: முகமும் ஃப்ராக்டலும்

வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. மொபைல் எடிட்டிங் செய்முறையில் 81. மார்ச்சில் இதே தாளில் ஃபெயிலானவன் நான். அந்த வலி தெரிந்ததால், முகப்படத்தில் ஃப்ராக்டல் (பெரிதாக்கப் பெரிதாக்க அதே மாதிரி வடிவம் திரும்பத் திரும்ப வரும் கணித உருவம்) கலக்கும் கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்ற கேள்விகள் எல்லோருக்கும் வந்துவிடும்.

முதல் முறை நேரமெல்லாம் ஃப்ராக்டலுக்கே போனது. மாண்டல்பிராட் கணம் என்ற பிரபல ஃப்ராக்டலின் ஓரத்தில் ஜூம் பண்ணிப் பண்ணி, கடல்குதிரை வால் மாதிரி சுருளும் இடத்தைப் பிடித்தேன். பட்டப்பகலில் எடுத்த ஒரு முகத்தின் மேல் அதைப் போட்டு ஒபாசிட்டியை (மேல் படம் கீழ்ப் படத்தை எவ்வளவு மறைக்கும் என்ற அளவை) 50-க்கு இறக்கினேன். காசிமேட்டில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவின் முகம் அது. ஃபெயிலான பிறகு அவரிடமே காட்டினேன்.

"இன்னாபா, மூஞ்சி மேல பாசி புடிச்ச மாறி கீது."

அதுதான் கோளாறு. ஒபாசிட்டியைக் குறைத்தால் இரண்டு படமும் சேர்ந்து வெளுக்கும், கலக்காது. அதற்குப் பதில் ஸ்க்ரீன் என்ற கலக்கும் மோடில் மேல் படத்தின் கறுப்பு காணாமல் போகும், வெளிச்சம் மட்டும் தங்கும். முகப்படத்தில் எங்கே இருட்டோ அங்கேதான் ஃப்ராக்டல் பளிச்சென்று தெரியும். வெளிச்சமான கன்னத்தில் தானாகவே மங்கிவிடும். ஆகவே பாதி வேலை படம் எடுக்கும்போதே முடிய வேண்டும்.

ஆயா வீட்டு வாசல் கிழக்கே பார்த்தது. காலை ஏழு மணிக்கு அவரை உள்ளே, வாசலுக்குப் பக்கவாட்டாக உட்கார வைத்தேன். போன் கேமரா திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைக்க சூரியக் குறியைக் கீழே இழுத்தேன். ஒரு கன்னம், மூக்குத்தி, நெற்றிச் சுருக்கம் மட்டும் ஒளியில். கொண்டையும் மறுபாதி முகமும் இருட்டில். அந்த இருட்டுக்குள் சுருள்கள் இறங்கியபோது, கொண்டையிலிருந்தே முளைத்த மாதிரி இருந்தது. தேர்வுக்கும் இந்தப் படத்தையே கொண்டுபோனேன்.

மற்றவை:

- ஃப்ராக்டலின் பின்னணி சுத்தக் கறுப்பாக இருக்கட்டும். சாம்பலாக இருந்தால் முகம் முழுக்கப் புகை படியும். கர்வ்ஸில் (வெளிச்சம், இருட்டைச் சரிசெய்யும் வளைகோட்டில்) கறுப்புப் புள்ளியை முதலில் இழுத்துவிடுங்கள்.
- ஃப்ராக்டலில் ஜூம் கூடக் கூட இட்டரேஷனையும் (கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும் எண்ணிக்கையையும்) கூட்டுங்கள். இல்லாவிட்டால் ஓரம் மொழுக்கையாகிவிடும்.
- பிக்ஸ்ஆர்ட்டில் ஸ்க்ரீன். ஸ்னாப்சீடில் டபுள் எக்ஸ்போஷர், லைட்டன். அப்புறம் வியூ எடிட்ஸ் போய், பிரஷ்ஷால் வேண்டிய இடத்தில் மட்டும் 100-ல் தீட்டுங்கள். காது ஓரத்தில் 25 போதும்.
- கண்ணில் ஒரு கோடுகூட விழக் கூடாது.
- வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் மெல்லிய கோடுகள் நசுங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.
- இரண்டு ஆப்புக்கு மேல் தொடாதீர்கள். வேகமான கை உள்ளவர்கள் வேறு சொல்வார்கள். பதறுகிற ஆளுக்கு இதுதான் சரி.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்), 1975-ல் 'ஃப்ராக்டல்' என்ற சொல்லைத் தந்தவர் கணிதவியலாளர் மாண்டல்பிராட் என்பதோடு நிற்காதீர்கள். கோலத்தைப் பற்றிக் கேட்டார்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் 1970-களில் கிஃப்ட் சிரோமணி குழுவினர் கோலத்தின் இலக்கணத்தைக் கணினிக்கு ஏற்றபடி எழுதியதைச் சொன்னேன். ஒரே விதியைத் திரும்பத் திரும்பப் போட்டு விரியும் சில கோலங்களை நோட்டில் வரைந்தும் காட்டினேன். பரீட்சகர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார்.

பிரிண்ட் போட்டு ஆயாவிடம் கொடுத்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.