வெர்பூக்ஹோவனின் ஆடும் என் ஒன்பது வாரமும்

பிரசல்ஸில் ஸ்கார்பேக் பக்கம் டிராமில் போய்வருகிறவர்களுக்கு வெர்பூக்ஹோவன் என்பது ஒரு நிறுத்தத்தின் பெயர். சதுக்கத்தின் நடுவே ரயில் போகும் பள்ளம், சுற்றிலும் கம்பி வேலி. ஊர்க்காரர்கள் அதைக் 'கரடிக் கூண்டு' என்பார்கள். நானும் பல வருடம் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். அந்தப் பெயருக்குரியவர் ஆடுமாடு வரைந்த ஓர் ஓவியர் என்று தெரிந்தது போன குளிர்காலத்தில்தான்.

ஓர் ஏலத்துக்கு முந்தின நாள் அவர் படம் ஒன்றைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். சின்ன மரப்பலகை. படுத்திருக்கும் தாய்ச் செம்மறி ஆடு, ஒட்டி நிற்கும் இரண்டு குட்டிகள், ஓரத்தில் ஒரு கோழி. குட்டியின் காதுக்குப் பின்னாலிருந்து வெயில் வர, காதின் விளிம்பு இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. அதை விட்டு நகர மனமில்லாமல் நின்றேன். அங்கிருந்தவர் பலகையைத் திருப்பியும் காட்டினார். பின்னால் பழுப்பேறிய காகிதம், அரக்கு முத்திரை. இந்த ஓவியம் அசல்தான் என்று ஓவியரே தன் கைப்பட எழுதிய சான்று. அவருடைய பல படங்களின் முதுகில் இப்படி ஒட்டியிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்து நானே ஒரு நகல் வரைந்து பார்ப்பது என்று அன்று இரவே முடிவு செய்தேன்.

முதல் வாரம் பலகை தயாரிப்பு. 20க்கு 27 செ.மீ. பலகையில் வண்ணத்துக்கு முன் அடிக்கும் வெள்ளை அடிப்பூச்சான ஜெஸ்ஸோவை நாலு தரம் அடித்து, ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் உப்புத்தாள் போட்டேன். அவர் படங்களின் மேற்பரப்பு வழுவழுவென்று இருக்கும், தூரிகைத் தடமே தெரியாது. துணியின் நெசவு குறுக்கே வந்தால் அந்த மென்மை வராது. அதனால் இதில் அவசரப்படவில்லை.

இரண்டாம், மூன்றாம் வாரம் முழுக்க வீண். அவர் படத்தில் ஒவ்வொரு மயிரும் தெரிகிறது, அதனால் ஒவ்வொரு மயிராக வரைய வேண்டும் என்று நினைத்துவிட்டேன். பூஜ்ஜிய எண் போட்ட மெல்லிய தூரிகையை எடுத்து நாலு சாயங்காலம் உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள் தள்ளி நின்று பார்த்தால், பஞ்சு அடைத்த தலையணைக்குத் தலை முளைத்த மாதிரி இருந்தது. டர்பன்டைன் நனைத்த துணியால் முழுக்கத் துடைத்துவிட்டேன்.

அப்புறம்தான் அவருடைய வாழ்க்கைக் குறிப்பைப் பொறுமையாகப் படித்தேன். யூஜின் வெர்பூக்ஹோவன் இன்றைய பெல்ஜியத்தில் வார்னெட்டன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பார்த்தலேமி ஒரு சிற்பி. கோடு போடவும் களிமண்ணில் உருவம் பிடிக்கவும் மகன் அவரிடம்தான் கற்றார். எனக்கு வேண்டியது அந்த ஒரு வரியில் இருந்தது. கம்பளியை வரைவதற்கு முன்னால் அதற்கு உள்ளே இருக்கும் உடம்பு கைக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு கிலோ களிமண் வாங்கி, சாண் நீளத்தில் ஒரு ஆடு பிடித்தேன். படுத்த நிலையில் இடுப்பெலும்பு எங்கே துருத்துகிறது, தோள் எங்கே சரிகிறது, வயிறு எந்தப் பக்கம் பிதுங்கித் தரையில் படிகிறது என்பதெல்லாம் கண்ணைவிட விரலுக்குச் சீக்கிரம் புரிகிறது. முன்காலில் மட்டும் சந்தேகம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு பண்ணையின் வேலியோரம் நின்று பார்த்தேன். ஆடு படுக்கும்போது முதலில் முன்முழங்காலை மடக்கி மண்டியிடுகிறது, பிறகுதான் பின்பக்கத்தை இறக்குகிறது. எழும்போது பின்பக்கம் முதலில். அவர் படங்களில் அரைகுறையாக எழுந்து நிற்கும் ஆட்டைப் பார்த்தால், அடுத்த அசைவு எதுவென்று தானாகத் தெரிகிறது.

ஐந்தாம் வாரம் களிமண் ஆட்டை மேசைமேல் வைத்து, இடப்பக்கம் விளக்குப் போட்டு, ரா அம்பர் என்ற பழுப்பு வண்ணம் ஒன்றை மட்டும் வைத்து வெளிச்சமும் நிழலும் வரைந்தேன். மயிர் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஆடு படுத்திருந்தது. எனக்கு இந்த ஒன்பது வாரத்தில் மிகவும் பிடித்த சாயங்காலம் அது.

கம்பளிக்கு அதன் பிறகுதான் வந்தேன். உற்றுப் பார்த்தால் அவர் மயிர் வரையவே இல்லை, கொத்துதான் வரைந்திருக்கிறார். கழுத்து திரும்பும் இடத்தில் கொத்துகள் பிளந்து உள்ளே இருண்ட கோடு தெரியும். முதுகில் நெருங்கிக் கிடக்கும், வயிற்றோரம் தொங்கும். நிறமும் வெள்ளை இல்லை. சாம்பலில் யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள் கலந்தது, நிழலில் கொஞ்சம் நீலம். தோளிலும் உச்சந்தலையிலும் மட்டும்தான் உண்மையான வெள்ளை, அதுவும் நாலைந்து தொடுகை.

ஆறாம் வாரம் அடி வாங்கினேன். கீழடுக்கில் ஆளி விதை எண்ணெய் கூடிவிட்டது. தொட்டுப் பார்த்ததில் காய்ந்த மாதிரி இருந்ததால் மேலே தூரிகை ஓட்டினேன். தோள் முழுக்கச் சேறாக இழுபட்டு வந்தது. கீழே எண்ணெய் குறைவு, மேலே போகப் போகக் கூடுதல் என்பது எண்ணெய் வண்ணத்தின் பாலபாடம். டைட்டானியம் வெள்ளையும் நிதானமாகத்தான் காயும். அவர் காலத்து ஈய வெள்ளை சீக்கிரம் காயும், ஆனால் அது விஷம், வீட்டுக்குள் வேண்டாம் என்று விட்டேன். சுரண்டி எடுத்துவிட்டு ஒன்பது நாள் காத்திருந்தேன்.

அந்த நாட்களில் அவருடைய எட்சிங்குகளை, அதாவது உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடு அரித்து அச்செடுத்த படங்களை, பார்த்துப் பென்சிலில் பழகினேன். சுமார் 50 தகடுகள் செய்திருக்கிறார். வண்ணம் இல்லாததால் கோடு எந்தத் திசையில் உடம்பைச் சுற்றி ஓடுகிறது என்று துல்லியமாகத் தெரிகிறது. வண்ணத்தில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் இவற்றை வரைந்து பார்க்கலாம்.

இன்னொரு பாடம் புல்லில் கிடைத்தது. வெர்பூக்ஹோவன் மற்ற நிலக்காட்சி ஓவியர்களின் படங்களுக்குள்ளும் ஆடுமாடு வரைந்து கொடுத்தவர். மரமும் வானமும் ஒருவர் கை, மந்தை இவர் கை. பிறர் வரைந்த தரையில் தன் ஆடு ஒட்டி நிற்க வேண்டுமே! அதற்கு அவர் செய்வது: வயிற்றின் அடியில் புல்லின் பச்சை லேசாக ஏறும், குளம்பைச் சுற்றி நாலு புல் முன்னால் வந்து மறைக்கும். நானும் அப்படியே செய்ததும், கத்தரித்து ஒட்டிய மாதிரி இருந்த என் ஆடு தரையில் அமர்ந்தது.

கண்ணுக்கு ஒரு முழு நாள். பலகையில் அது மூன்று மில்லிமீட்டர். மஞ்சள் கலந்த பழுப்பில் கிடைமட்டமாக ஒரு கரும்பட்டை, அதன் மேல் ஒரு புள்ளி வெளிச்சம். பட்டை கொஞ்சம் உருண்டாலும் நாயின் கண்ணாகிவிடும்.

அவர் 1881இல் பிரசல்ஸில் இறந்தார். அதற்குள் காலம் மாறத் தொடங்கியிருந்தது. ஆல்பிரெட் வெர்வே போன்ற அடுத்த தலைமுறைக்காரர்கள் மாடுகளைத் தடித்த வண்ணத்தில், காற்றும் சேறுமாக வரைந்தார்கள். வெர்வேயின் மாடுகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் வெர்பூக்ஹோவனிடம் சுத்தமான கைவேலை மட்டும்தான், உயிர் இல்லை என்று பின்னால் வந்த விமர்சகர்கள் எழுதியதை இப்போது என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் குட்டியின் காதை வரைந்து பார்த்தேன். நாலு தரம் அழித்தேன். ஆட்டின் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்து பார்க்காத ஒருவரால் அதை வரைய முடியாது.

ஒன்பதாம் வார முடிவில் தாய் ஆடும் ஒரு குட்டியும் தேறிவிட்டன. இரண்டாவது குட்டியின் பின்கால் சற்று நீளம். கோழி இன்னும் அம்பர் நிழலாகத்தான் இருக்கிறது. பலகையைத் திருப்பி, ஒரு காகிதத்தில் 'வெர்பூக்ஹோவனைப் பார்த்து எடுத்த நகல்' என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு ஒட்டினேன். களிமண் ஆட்டை உடைத்து நனைத்து வைத்திருக்கிறேன். அடுத்தது பசு.