கறுத்த மரு போன இடத்தில் வெளுத்த வட்டம்

இடது கன்னத்தில் மிளகளவு மரு இருந்த இடத்தில் இப்போது கொள்ளு அகலத்துக்கு ஒரு வெளுத்த வட்டம் இருக்கிறது. பத்து மாதமாகியும் நிறம் திரும்பவில்லை. மரு இருந்தவரை யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் நான் கணக்கு எழுதும் ஐஸ் கம்பெனிக்கு வரும் பெண்கள் "என்னக்கா, வெண்குஷ்டமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்.

கன்ன எலும்பின் மேலும் கண்ணோரத்திலும் கடுகு போலவும் மிளகு போலவும் எழும்பும் இந்தக் கறுத்த மருக்கள் என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் உண்டு. எனக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் வரத் தொடங்கி, நாற்பத்தாறில் முப்பதைத் தாண்டின. மருத்துவர்கள் இதை டி.பி.என். (டெர்மட்டோசிஸ் பாபுலோசா நைக்ரா) என்று எழுதுகிறார்கள், கறுத்த தோலில், அதிலும் பெண்களுக்கு, குடும்ப வழியில் அதிகம் வருவது, ஒட்டாது, புற்றுநோயாக மாறாது. அதாவது நான் பட்டதெல்லாம் நோயினால் அல்ல, வைத்தியத்தினால்.

முதல் தவறு மருந்துக் கடையில் நடந்தது. சீட்டில்லாமலே கொடுத்த முகக் க்ரீமை மூன்று மாதம் பூசினேன். அதில் தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுயினோனும், தோலை உரிக்கும் ட்ரெட்டினாயினும், ஸ்டீராய்டும் சேர்ந்திருந்ததை, பின்னால் ஒரு மருத்துவர் அட்டைப்பெட்டியைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் படித்தேன். மரு என்பது தோலின் மேற்புறத்தில் வளர்ந்த சதையே தவிர கறை அல்ல என்பதால், க்ரீம் அதை ஒன்றும் செய்யவில்லை. சுற்றியிருந்த தோலை வெளுக்க வைத்து, மருக்களை முன்னைவிடக் கறுப்பாக எடுத்துக் காட்டியது. போதாக்குறைக்கு முகம் சிவந்து எரிந்தது, தாடையில் பொடி முடி வளர்ந்தது.

இரண்டாவது தவறு என் அவசரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஐஸுக்கும் வேலை இருக்காது, விடுப்பு தாராளமாகக் கிடைக்கும் என்பதால் அப்போதே மதுரைக்குப் போய், விளம்பரப் பலகை பெரிதாக இருந்த ஓர் அழகுச் சிகிச்சை நிலையத்தில் உட்கார்ந்துவிட்டேன். எந்த முறை என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குழாயில் திரவ நைட்ரஜனைப் பீய்ச்சி மூன்று மருக்களை உறைய வைத்து அனுப்பினார்கள். அது மைனஸ் 196 டிகிரிக் குளிர். தோலுக்கு நிறம் தரும் செல்களோ மைனஸ் ஐந்து டிகிரி அளவிலேயே செத்துவிடக் கூடியவை. மரு உதிரும்போது அதைச் சுற்றியிருந்த நிறமும் சேர்ந்து போனது. வெள்ளைத் தோலில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் அந்தச் சேதம் நம் நிறத்தில் தூரத்திலிருந்தே தெரியும்.

இதைக் காட்டப் போன அடுத்த மருத்துவர், மே மாத வெயிலில் கருகிய முகத்தோடும் தோலில் இன்னும் ஊறிக்கிடந்த க்ரீமோடும் வந்தால் மருவை மின்சாரத்தால் சுடும் ஊசியை வைக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். பேருந்தில் ஆறு மணி நேரம் போய் வந்தது வீண். அன்று அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. பணம் வாங்கிக்கொண்டு சுட்டிருந்தால் இன்னும் எத்தனை வட்டங்கள் விழுந்திருக்கும் என்று யோசித்தபோதுதான் கோபம் தணிந்தது. க்ரீமை அவர் ஒரேயடியாக நிறுத்தவில்லை, படிப்படியாகக் குறைத்தார்.

ஆவணியில் மறுபடி போனபோது, லென்ஸ் வைத்த சிறு கருவியால் ஒவ்வொரு மருவையும் பார்த்துவிட்டு, காதுக்குக் கீழே மறைவாக இருந்த இரண்டை மட்டும் மெல்லிய மின்னூசியால் தொட்டு, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். முதலில் ஒன்றிரண்டை மட்டும் சுட்டுப் பார்க்கும் இந்தச் சோதனையைச் செய்ய மறுக்கும் இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு மரு மட்டும் வேகமாக வளர்ந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, அதைச் சுடும் முன் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அழகுக்கான சிகிச்சை என்பதால் காப்பீட்டில் ஒரு ரூபாயும் வராது. கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

சோதித்த இடத்தில் தழும்பில்லை. ஐப்பசி மழையில் மீதியைச் செய்துகொண்டேன். மரத்துப்போகும் க்ரீமைப் பூசி ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு மயிர் பொசுங்கும் வாடை, எறும்புக் கடி போல ஒரு சுருக், அவ்வளவுதான். ஊசி மேலோட்டமாகத் தொட வேண்டும், ஆழமாகச் சுட்டால் வடு என்று அவர் சொல்லிக்கொண்டே செய்தது எனக்குத் தெம்பாக இருந்தது.

அதன்பின் வந்த ஒரு வாரம்தான் சிரமம். பொருக்குகள் மிளகுத்தூள் தெறித்ததுபோல் ஒட்டியிருந்தன. தானாக உதிரும்வரை தொடக் கூடாது. ஐந்தாம் நாள் உப்புக் காற்றில் வியர்த்து, பழக்கதோஷத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். ஒரு பொருக்கு பிய்ந்து துணியோடு வந்துவிட்டது. மற்ற இடங்கள் ஒரு மாதத்தில் தெளிந்தன, அந்த ஓர் இடத்தில் மட்டும் கறுத்த தழும்பு மூன்று மாதம் நின்றது. சேலை கட்டுபவர்கள் அந்த ஒரு வாரம் கைக்குட்டையால் ஒற்றியெடுக்கப் பழகிக்கொள்ள வேண்டும். வெயில் தடுப்புக் க்ரீமில், இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்தில் இருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். நம் தோலைக் கறுக்க வைப்பதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு, வெள்ளையாக வரும் சாதாரணக் க்ரீம் அதைத் தடுப்பதில்லை. பாம்பன் பாலத்தடியில் கடலும் மணலும் கீழிருந்து எறிக்கிற வெளிச்சத்துக்குக் குடை மட்டும் காணாது.

கண்ணிமையில் இருக்கும் மூன்றை நானே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எடுத்தாலும் புதிதாக வருவதை யாராலும் நிறுத்த முடியாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். போன மாதம் வலது கன்னத்தில் கடுகளவு ஒன்று எழும்பியிருக்கிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும்.