தட்டினால் மோட் மாறும் டோர்ச்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரவில் நடமாடுகிறவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி டோர்ச்தான். கறுப்பு அலுமினிய உடல், வால் பக்கம் ரப்பர் சுவிட்ச், உள்ளே 18650 என்ற லித்தியம் பெட்டரி ஒன்று, இல்லாவிட்டால் ரிமோட்டுக்குப் போடுகிற சின்ன பெட்டரி மூன்றை அடுக்கிய பிளாஸ்டிக் கூடு. முழு வெளிச்சம், மங்கல், அப்புறம் யாருமே கேட்காத அந்த மினுக்கல். இந்த மூன்று மோடுக்கும் நடுவில் அது தானாகவே தாவும், அதுதான் வியாதி. நடக்கும்போது தொடையில் இடித்தால் மங்கும், பைக் ஹேண்டிலில் கட்டிக்கொண்டு தோட்டத்து ரோட்டில் ஒரு குழியில் இறங்கினால் மினுக்க ஆரம்பிக்கும். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் நனைந்த படியில் இறங்குகிறபோது மினுக்கினால் அடுத்த படி எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடாது.

என் சித்தப்பா தேயிலை ஸ்டோரில் இரவு வேலை. அவருடைய டோர்ச்சுக்கும் இதே கோளாறு. "சுவிட்ச் போயிருச்சிடா, ஹட்டனுக்குப் போனா வேற ஒன்னு வாங்கிட்டு வா" என்றார். எல்லோரும் முதலில் சுவிட்சைத்தான் குற்றம் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

இந்த வகை டோர்ச்சில் வால் சுவிட்சுக்கு வேலை ஒன்றுதான், மின்சாரத்தை விடுவது, வெட்டுவது. எந்த மோட் என்று தீர்மானிப்பது தலைப்பக்கம் உள்ளே இருக்கிற, காசு அளவு வட்டமான டிரைவர் பலகை. சுவிட்சை அரைவாசி அமுக்கி விடும்போது மின்சாரம் ஒரு கணம் அறுந்து திரும்ப வருகிறது. பலகையில் உள்ள சின்னக் கெப்பாசிட்டரில் அதற்குள் சார்ஜ் வடியாமல் மிச்சம் இருந்தால், ஆள் அடுத்த மோட் கேட்கிறார் என்று டிரைவர் எடுத்துக்கொள்ளும். சில மலிவு டிரைவர்களுக்கு அந்தக் கணக்குக்கூட இல்லை, எப்போது அணைத்துப் போட்டாலும் அடுத்த மோடுக்குப் போய்விடும். ஆக, மின்சாரத்தை அறுத்தது உங்கள் விரலா ஒரு கல்லா என்று பார்க்க அதற்கு வழியே கிடையாது. 18650 பெட்டரி ஏறத்தாழ 45 கிராம் எடை. டோர்ச்சை நீளவாக்கில் தட்டினால், பிரேக் போட்ட பஸ்ஸில் நிற்கிறவர் போல, பெட்டரி ஒரு பக்கம் சாய்ந்து ஸ்பிரிங்கை அமுக்கும். அந்தக் கண்ணிமைப்பில் மறுமுனை தொடுப்பை விட்டு விலகும். அவ்வளவு போதும்.

அதனால் எங்கே அறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதற்கும் முன்னால் பெட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிடுங்கள், ஏனென்றால் இறங்கிப்போன பெட்டரி முழு வெளிச்சத்தில் திணறி டிரைவரை அணைத்து எழுப்பிவிடும், கோளாறு இல்லாத இடத்தில் நாம் அதைத் தேடிக்கொண்டிருப்போம். பிறகு டோர்ச்சை எரியவிட்டு உள்ளங்கையில் தட்டுங்கள். தலை, வால் என்று நீளவாக்கில் தட்டும்போது மட்டும் மாறினால் பெட்டரி ஆடுகிறது. பக்கவாட்டில் லேசாகத் தட்டினாலே மாறினால் எங்கோ திருகு தளர்ந்திருக்கிறது. அடுத்து வால் மூடியைக் கழற்றி, பெட்டரியின் நெகடிவ் முனையையும் குழாயின் பளபளப்பான வெறும் அலுமினிய விளிம்பையும் ஒரு தடித்த வயர்த் துண்டால் தொட்டுப் பிடியுங்கள். சுவிட்ச் இல்லாமலே எரியும். வயரை நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையைத் தட்டியும் மோட் மாறாவிட்டால் பிரச்சினை வாலில்தான். அப்போதும் மாறினால் தலைப் பக்கம் பாருங்கள்.

சித்தப்பாவின் டோர்ச்சில் வால்தான். "சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு சித்தப்பா, கொஞ்சம் பொறுங்க" என்று மூடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். சுவிட்சை இருத்திப் பிடிக்கிற வளையத்தில் எதிரெதிராக இரண்டு சின்னத் துளைகள், அதில் நகம் வெட்டுகிற கத்தரிக்கோலின் இரண்டு முனையையும் கொடுத்து இறுக்கினால் வளையம் முக்கால் சுற்று ஓடியது. அத்தனை தளர்வு. மூடியை வெளியிலிருந்து எவ்வளவு இறுக்கினாலும் இந்த வளையம் இறுகாது, அதனால்தான் பலர் கண்ணிலும் இது படுவதில்லை. வளையத்துக்கு அடியிலும் மரையிலும் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒன்று அப்பியிருந்தது. மழையும் பனியும் விடாத எங்கள் பக்கத்தில் அலுமினியம் சும்மா இருக்காது, அதன் மேல் படிகிற ஒக்சைட் மின்சாரத்தை விடாது. பார்மசியில் வாங்கிய ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்தேன். ஸ்பிரிங்கின் நுனிக்குப் பென்சில் ரப்பரே போதும், உப்புத்தாள் வேண்டாம், மேல் பூச்சு போய்விடும்.

ஸ்பிரிங் படுத்துப்போயிருந்தால் மெல்ல இழுத்து நிமிர்த்தலாம், கொஞ்சமாக. பெட்டரியையும் பாருங்கள். பழைய லெப்டொப்பிலிருந்து கழற்றிய 18650 எல்லாம் தட்டைத் தலை, சில டோர்ச்சின் பொசிட்டிவ் தொடுப்புக்கு அது சரியாக எட்டாது, மேலே குமிழ் உள்ளது வேண்டும். இடைவெளியை அடைக்கக் குட்டிக் காந்தம் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், அது ஒரு தடவை நழுவி பொசிட்டிவையும் ஓரத்தையும் சேர்த்துத் தொட்டால் ஷோர்ட், லித்தியம் பெட்டரியில் ஷோர்ட் என்றால் தீ. மேல் உறை கிழிந்த பெட்டரிக்கும் இதே பயம்தான்.

மூன்று பெட்டரிக் கூடு உள்ளதில் தொடுப்புகள் அதிகம், ஆகவே அறுகிற இடங்களும் அதிகம். தகரத் தொடுப்புகளைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் வெளியே கொஞ்சம் வளைத்துவிடுங்கள், கூடு குழாய்க்குள் கடகடவென்று ஆடினால் சுற்றிக் காகிதம் வையுங்கள். அதிலும் அடங்காவிட்டால் அந்தக் கூட்டோடு மல்லுக்கட்டாமல் 18650க்கு மாறிவிடுவது மேல், குழாய் அதற்கு இடம் கொடுத்தால்.

புதிதாக வாங்குகிறவர்கள் கடையிலேயே எரியவிட்டு உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். வெசாக் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலை சீசன் முடிந்துவிட்டால் படிகளில் விளக்கும் இருக்காது, அதற்குப் பிறகு ஏறுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் எலெக்ட்ரோனிக் சுவிட்ச் உள்ள டோர்ச்சுக்கு இந்த வியாதி இல்லை, மோட் மாற்றுவது அங்கே பொத்தானின் வேலை. ஆனால் அதில் தொடுப்பு அறுந்தால் மொத்தமாக அணைந்தாலும் அணையும். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப இதுவே இருக்கட்டும்டா, மங்குனாலும் வெளிச்சம்தானே" என்கிறார்.