இடது கால் சிலிப்பரில் செய்த தவளை

2024 தைப்பூசத்துக்கு, ஜனவரி 25ஆம் தேதி, பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தேன். நல்ல வெயில். தார் ரோடு சுட்டதில் இடது பெருவிரலுக்கு அடியில் கொப்புளம் கிளம்பியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. பத்து வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருப்பவன் நான். பாதம் மரத்துப் போயிருந்தது. காலுறையைத் துவைக்க எடுத்த மனைவிதான் முதலில் சீழ் வாடையைக் கவனித்தாள். அதற்குள் கிருமி எலும்பைத் தொட்டுவிட்டது. மார்ச்சில் பெருவிரலை எடுத்துவிட்டார்கள்.

விரால் வேட்டையைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் செய்ததெல்லாம் அந்த விரலில் இருந்துதான் தொடங்குகிறது.

எங்கள் அப்பா நிபோங் திபால் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டியவர். மூங்கில் கழியும் உயிர்த் தவளையும் வைத்துக்கொண்டு கால்வாயில் விரால் பிடிப்பார். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றை விழுங்கினால்தான் உயிர் வாழும். "மீனைத் தேடாத, அது மூச்சு வாங்குற இடத்தைத் தேடு" என்பார். தண்ணீர் 'ப்ளக்' என்று ஒரு தடவை உடையும். உடனே தூண்டிலைப் போட மாட்டார். அதே மீன் இரண்டாவது தடவை எங்கே வருகிறது என்று பார்த்து, எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்த பிறகுதான் போடுவார். அவர் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. செபராங் பிறை வடக்கில், பெனாகா வயல்காட்டு வாய்க்கால்களில், இன்றைக்கும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

வீட்டு நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவமனையில் இருந்தபோதே தொழிற்சாலையில் என் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. மகளுக்கு அந்த வருடம் எஸ்பிஎம், ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு. மனைவி விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டி, ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழேயே விற்க ஆரம்பித்தாள். மே மாதம் இபிஎஃப் சேமநிதியில் மூன்றாவது கணக்கு திறந்தார்கள் அல்லவா, அதில் இருந்ததை எடுத்து வாடகை கட்டினோம். அதுவும் போதாமல், ஆசைப்பட்டு வாங்கிய பெய்ட்காஸ்டிங் தூண்டில் ரீலை 280 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்றுவிட்டேன். மகளின் கணிதம், வேதியியல் டியூஷனுக்கு அது இரண்டு மாதம் ஓடியது. கையில் மிஞ்சியது பழைய ஸ்பின்னிங் ரீல் ஒன்றுதான்.

புண் மூட ஜூலை ஆகிவிட்டது. இனி வயல் பக்கம் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, பொறுமையாக விளக்கினார். தேங்கிய தண்ணீரில் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் ஒன்று. வயல் சேற்று மண்ணில் இருக்கும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் இன்னொன்று, இனிப்பு நீர்க்காரர்களை அது மோசமாகத் தாக்கும். "தண்ணியில கால் வைக்கக் கூடாது, சேத்துல வைக்கக் கூடாது. மத்தபடி போகலாம்" என்றார். அந்த 'போகலாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கீழே இறங்கலாம் என்று ஜப்பான் சிலிப்பரை மாட்டினேன். வலது காலில் நின்றது. இடது காலில் பிடித்து நிறுத்த விரல் இல்லை, நான்கு எட்டில் கழன்று படிக்கட்டில் விழுந்தது. படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். பிறகு சிலிப்பரை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நல்ல அடர்த்தியான ரப்பர், தேயாத குதிகால். இதில் தூண்டிலுக்குப் போலித் தவளை செய்யலாமே என்று தோன்றியது. கடையில் ஜம்ப் ஃப்ராக் என்று விற்கும் அந்தப் போலித் தவளை ஒன்று வாங்கினால் எங்கள் வீட்டு ஒரு நாள் காய்கறிச் செலவு போய்விடும்.

அடிப்பாகம் ஒன்றரை சென்டிமீட்டர்தான் கனம் என்பதால் இரண்டு துண்டை ஒட்டினால்தான் தவளைக்கு உடம்பு வரும். ஒட்டுவதற்கு முன் இரண்டு துண்டிலும் நடுவே பள்ளம் கீறி, துருப்பிடிக்காத கம்பியை உள்ளே படுக்க வைக்க வேண்டும். முன்னால் தூண்டில் நரம்பு கட்ட ஒரு வளையம், பின்னால் இரட்டைக் கொக்கிக்கு ஒரு வளையம். முதலில் சூப்பர் க்ளூ போட்டேன். காய்ந்ததும் கண்ணாடி மாதிரி இறுகி, வளைத்தபோது பிளந்துவிட்டது. செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் மஞ்சள் பசை போட்டு, இரண்டு பக்கமும் பத்து நிமிடம் உலர விட்டு அழுத்தியதும் பிடித்துக்கொண்டது. பிளேடால் மூக்கைக் கூராகவும் வயிற்றைத் தட்டையாகவும் சீவினேன். கொக்கியின் இரண்டு முனையும் முதுகை ஒட்டி மேலே பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் தண்ணீரில் படரும் கங்கோங் கீரைக் கொடியில் மாட்டாமல் மேலே வழுக்கிக்கொண்டு வரும்.

முதல் தவளையை வாளித் தண்ணீரில் போட்டேன். மல்லாந்து படுத்தது. இரண்டாவது மூக்குக் குத்தி நின்றது. ஈயத்தை வயிற்றுக்கு நடுவில் வைத்ததுதான் தவறு. நரம்பு இழுக்கும்போது மூக்கு தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்றால் எடை பின்னால் இருக்க வேண்டும். நான்காவது தவளையில் ஈயத்தைக் கொக்கிக்குப் பக்கத்திலேயே கீறி உட்கார வைத்தேன். வாலுக்குப் பால் டின் தகரத்தை நகம் அளவுக்கு வெட்டித் தொங்க விட்டேன். வாளியில் இழுத்தபோது கண் மட்டத்தில் மிதந்து, பின்பக்கம் தாழ்ந்து, தகரம் 'டிக் டிக்' என்று அடித்தது. சமையலறையில் இருந்து மனைவி எட்டிப் பார்த்து, "இது நீந்துதுங்க" என்றாள். ஆறு மாதத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சிலிப்பரில் நான்கு தவளை வந்தது, வலது கால் சிலிப்பரில் இன்னும் நான்கு. சரியாக நீந்தியவை மூன்று.

அடுத்தது நிற்பது. பெருவிரல் இல்லாமல் வீசும்போது உடம்பு முன்னால் சாய்கிறது, தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லை. ஃபிளாட் கார் நிறுத்தும் இடத்தில் பழைய டயர் ஒன்றைப் போட்டு, பதினைந்து மீட்டர் தள்ளி நின்று, கொக்கி இல்லாத தவளையை வீசிப் பழகினேன். முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்து. அப்புறம் எடையை வலது காலில் வைத்து நின்றபடி. தினமும் ஐம்பது வீச்சு. ஆகஸ்ட் கடைசியில் ஐம்பதுக்கு ஆறு டயருக்குள் விழுந்தது, அக்டோபரில் முப்பத்தொன்று. தினமும் இறங்கி நின்றதால் சர்க்கரையும் இறங்கியது. இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி மார்ச்சில் 11.2 இருந்தது, அக்டோபரில் 7.6. மருந்தும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும்தான் முக்கியக் காரணம், ஆனால் அந்த டயர் இல்லாவிட்டால் நான் அறையைவிட்டு வெளியே வந்திருக்க மாட்டேன்.

செப்டம்பரில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அறுவை சிகிச்சை முடிந்து எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தோம். இங்கே மலாய்க்காரர், சீனர், நாம் என்று எல்லோரும் அறுவை சிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் பிறகு கொடுப்பது விரால்தான். மார்க்கெட்டில் கிடைக்கிறது, வாங்கிச் சமைத்தும் கொடுத்தோம். அம்மா சாப்பிட்டுவிட்டு, "இது தீனி போட்டு வளர்த்தது. உங்கப்பா கொண்டாருவாரே, அந்த மீனு இல்ல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நவம்பரில் முதல் பயணம். மச்சான் ஒரு மோட்டார் சைக்கிளில், நான் என் ஈஎக்ஸ்5-இல். முன்னும் பின்னும் மிதிக்கிற கியர் என்பதால் குதிகாலாலேயே மாற்ற முடிகிறது. தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பினாங்குப் பாலத்தில் மோட்டாருக்கு 2019-இலிருந்து டோல் இல்லை, பெட்ரோல் செலவு மட்டும்தான். பூட்ஸ் போடுவதற்கு முன் உள்ளே கையை விட்டுக் கல், ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். வீடு திரும்பியதும் பாதத்துக்கு அடியில் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். மதகின் சிமெண்டுத் தளத்தை விட்டு இறங்குவதே இல்லை. மாட்டிக்கொண்ட தவளையை எடுக்க ஒரு தடவை வரப்புப் பக்கம் கால் நீட்டியதும் மச்சான் தோளைப் பிடித்துவிட்டான். "மாமா, இறங்காதீங்க. தவளை போனா போகட்டும்." போனது. மிச்சம் இரண்டு.

முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை, டிசம்பரில், கங்கோங் ஓரத்தில் தண்ணீர் வெடித்தது. அடித்த நொடியில் இழுத்துவிட்டேன். மீன் வாயை மூடுவதற்கு ஒரு மூச்சு விட வேண்டும், இருபது வருடம் பழகிய கை அன்றைக்குப் பொறுக்கவில்லை. பின்பக்கம் பல் பதிந்த தவளை மட்டும் திரும்பி வந்தது. கேட்டால் வருத்தம் என்று நினைப்பீர்கள். இல்லை, வீடு வரைக்கும் சந்தோஷமாக இருந்தது. சிலிப்பரை ஒரு விரால் தவளை என்று நம்பியிருக்கிறது.

மூன்றாவது தடவை மதகுக்குப் பக்கத்திலேயே செம்பு நிறத்தில் குஞ்சுக் கூட்டம் தண்ணீருக்கு மேல் பொரிந்துகொண்டிருந்தது. அடியில் தாய் தகப்பன் காவல் நிற்கும். அங்கே தவளையைப் போட்டால் குஞ்சைக் காக்க நிச்சயம் அடிக்கும். பெரியவை போனால் அவ்வளவு குஞ்சும் மற்ற மீனுக்கு இரை. அப்பா போட மாட்டார், நானும் போட மாட்டேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. தூண்டிலைச் சுருட்டிவிட்டு இருவரும் தேநீர் குடிக்கப் போனோம்.

நான்காவது தடவை, மகளுக்குக் கடைசிப் பரீட்சை முடிந்த வாரம். காலை ஏழேகால். தண்ணீர் ஒரு தடவை உடைந்தது. காத்திருந்தேன். இரண்டாவது தடவை இரண்டு முழம் இடப்பக்கம் உடைந்தது. அதற்கும் ஒரு முழம் முன்னால் போட்டு, இரண்டு தட்டு தட்டி நிறுத்தினேன். தவளை மறைந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணி இழுத்தேன். வலது காலில்தான் நின்றேன், சாயவில்லை. மச்சான் நீளக் கைப்பிடி வலையில் ஏந்தினான். 950 கிராம், முதுகு கறுத்து வயிறு வெளுத்த வயல் விரால். ஈரச் சாக்கில் சுற்றி வாளியில் வைத்தோம். பாலம் தாண்டி வீடு வரும்வரை உயிரோடு இருந்தது.

மனைவி இஞ்சி, மிளகு, பூண்டு தட்டிப் போட்டுத் தண்ணீராகக் கொதிக்க வைத்தாள். அம்மா கிண்ணத்தைக் கையில் வாங்கி, குடிக்காமல், எந்த வாய்க்கால் என்று கேட்டார். பெனாகா என்றேன். எதில் அடித்தது என்றார். தவளையைக் கொண்டு போய்க் காட்டினேன். புரட்டிப் பார்த்து, சிலிப்பரின் வரிக்கோடு இன்னும் தெரிகிற வயிற்றைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுப் பூண்டு போதவில்லை என்றார்.

பெனாகாவில் கதிர் மஞ்சள் கட்டிவிட்டதாக மச்சான் நேற்று சொன்னான். இனி வயல் தண்ணீரை வடிப்பார்கள், விரால் வாய்க்காலுக்கு இறங்கும். கையில் இருப்பது ஒரு நல்ல தவளை, பல் பட்ட தவளை ஒன்று. பக்கத்து வீட்டு அக்கா தன் பழைய சிலிப்பர் ஒரு ஜோடி கொடுத்திருக்கிறார், பச்சை நிறம். பசை வாங்க வேண்டும்.