முட்டைக்கோஸ் வாடையும் 124 ஒளியாண்டும்

முட்டைக்கோஸ் வேகும்போது அடுப்படில இருந்து ஒரு வாடை வருமே, எங்க வீட்ல அம்மா மூடி போட்டு வேக வெச்சா ஹால் வரைக்கும் வரும். அது கந்தகம் கலந்த வாயுக்களோட வாடை, அதுல ஒண்ணு பேரு டைமெத்தில் சல்ஃபைடு, சுருக்கமா டிஎம்எஸ். பீச்சுல நிக்கும்போது மூக்குல ஏறுதே கடல் வாசனை, அதுலயும் இது இருக்கு. கடல்ல மிதக்கற கண்ணுக்குத் தெரியாத பாசிங்கதான் பூமியில இத நிறைய உண்டாக்குது.

2025 ஏப்ரல்ல, பங்குனி உத்திரம் முடிஞ்சு ஒரு வாரம் கூட ஆகல, இந்த வாயு கே2-18பி-ங்கற கிரகத்துல இருக்கலாம்னு நியூஸ் வந்துச்சு. எங்க ஃபேமிலி குரூப்ல ஒரே ஃபார்வர்டு. பெரியப்பா போன் பண்ணி "ஏம்பா, அங்க ஆளுங்க இருக்காங்களாமே"ன்னு கேட்டார். இல்ல பெரியப்பா, ஆளெல்லாம் இல்ல, இருந்தா பாசி மாதிரி ஏதாவது இருக்கலாம், அதுவும் இன்னும் உறுதியாகலன்னு சொன்னேன். "அப்ப எதுக்குடா இவ்ளோ கத்தறாங்க"ன்னார். போன்ல சொல்லி முடியல, அதான் இங்க எழுதறேன்.

இந்த கிரகத்த யாரும் நேர்ல போட்டோ எடுக்கல. ஒரு சின்ன சிவப்பு நட்சத்திரம், அத 33 நாளைக்கு ஒரு தடவ இது சுத்தி வருது, ஒவ்வொரு சுத்துலயும் நமக்கும் நட்சத்திரத்துக்கும் குறுக்க போகுது. அப்போ வெளிச்சம் ஆயிரத்துல மூணு பங்கு போல குறையும். 2015-ல கெப்ளர் டெலஸ்கோப் டேட்டால இந்த மங்கலத்தான் பிடிச்சாங்க. இப்ப ஜேம்ஸ் வெப்-ங்கற விண்வெளி டெலஸ்கோப் பாக்கறது இன்னும் நுணுக்கமானது, கிரகத்த சுத்தி காத்து மண்டலம் இருந்தா நட்சத்திர வெளிச்சத்துல கொஞ்சூண்டு அது வழியா ஊடுருவி வரும்ல, அதுல எந்த எந்த அலைநீளம் காணாம போயிருக்குன்னு பாத்தா எந்த வாயு அத முழுங்குச்சுன்னு சொல்லிடலாம். 124 ஒளியாண்டு தள்ளி இருக்கற ஒரு இடத்தோட காத்த இங்க இருந்தே பிரிச்சு பாக்கறாங்க. எத்தன தடவ படிச்சாலும் எனக்கு இது புல்லரிக்குது.

அங்க டிஎம்எஸ் இருக்கலாம்னு சொன்னது கேம்பிரிட்ஜ்ல இருக்கற நிக்கு மதுசூதனோட குழு. பனாரஸ்ல பிடெக் படிச்சிட்டு அமெரிக்காவுல இருக்கற எம்ஐடி போனவர் அவர். இந்த கிரகம் பூமிய விட 2.6 மடங்கு அகலம், எட்டு மடங்குக்கு மேல எடை, நமக்கு சூரியன்கிட்ட இருந்து கிடைக்கற அளவுக்குத்தான் அதுக்கும் வெளிச்சம், அதனால மேல ஹைட்ரஜன் காத்தும் கீழ பெரிய கடலுமா இருக்கலாம்ங்கறது இவங்க கணிப்பு. ஆனா கடலே இல்ல, அது நெப்டியூன் மாதிரி வாயு கிரகம்தான்னு சொல்றவங்களும் இருக்காங்க.

டிஎம்எஸ் பத்தி மதுசூதன் குழு சொன்ன உறுதி மூணு சிக்மா, அதாவது இது தற்செயலா வந்திருக்க வாய்ப்பு 0.3 சதவீதம். கேக்க பெருசா இருக்கும், ஆனா இந்தத் துறைல கண்டுபிடிச்சாச்சுன்னு சொல்ல அஞ்சு சிக்மா வேணும். இன்னும் 16-ல இருந்து 24 மணி நேரம் வெப் டைம் கிடைச்சா அந்த அஞ்சு சிக்மாவ எட்டிடலாம்னு அவங்களே சொன்னாங்க. அதுக்குள்ள வேற குழுக்கள் அதே டேட்டாவ எடுத்து தனியா ஆராஞ்சு பாத்தாங்க, ஒருத்தருக்கு அதுல மேடு பள்ளமே தெரியல, நேர்கோடு போட்டாலே பொருந்துதுன்னார், இன்னொரு குழு டிஎம்எஸ் இல்லாம வேற மூலக்கூறு போட்டாலும் இதே அளவு பொருந்துதேன்னு காட்டுச்சு. போதாததுக்கு 67பி-ங்கற வால்நட்சத்திரத்துலயும் டிஎம்எஸ் இருக்குன்னு ரொசெட்டா விண்கலத்தோட டேட்டால இருந்து 2024-லயே சொல்லிட்டாங்க. வால்நட்சத்திரத்துல ஏது பாசி? அப்ப உயிர் இல்லாமலும் இது உண்டாகும்.

இதே கிரகத்துல ஏற்கனவே ஒரு தடவ இப்படி நடந்திருக்கு. 2019-ல ஹபிள் டெலஸ்கோப் டேட்டாவ வெச்சு அங்க நீராவி இருக்குன்னு ரெண்டு குழு சொன்னாங்க, உலகம் பூரா தலைப்புச் செய்தி. 2023-ல ஜேம்ஸ் வெப் பாத்தப்போ தெளிவா தெரிஞ்சது மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும். ஹபிள் பாத்த அந்த அலைநீளத்துல தண்ணியும் மீத்தேனும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல வெளிச்சத்த முழுங்கும், பிரிச்சு சொல்ல முடியாது. யாரும் பொய் சொல்லல. கையில இருந்த கருவிக்கு அவ்வளவுதான் கண்ணு. மீத்தேன்னு தெரிஞ்சப்போ ஏமாத்தமா இருந்துச்சான்னு கேட்டா, எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஏன்னா ஒரு கிரகத்துல இருக்கற மீத்தேன நாம சரியா அடையாளம் கண்டுட்டோம்ல. பெரியப்பாகிட்ட சொல்ல வந்ததும் இதத்தான், கத்தறது நியூஸ் சேனல்ங்க, அளக்கறவங்க அமைதியா திரும்பத் திரும்ப அளந்துட்டுதான் இருக்காங்க.

அன்னிக்கு ராத்திரி ஒம்பது மணி போல அம்மாவ மொட்டை மாடிக்கு கூட்டிட்டு போனேன். சிம்மம் நல்லா உச்சில இருந்துச்சு, மகம் நேர் தலைக்கு மேல. பூரம், உத்திரம் ரெண்டையும் காட்டி, அதுக்கு நடுவுல கொஞ்சம் தெக்க தள்ளி பாருங்கம்மா, அங்கதான் இருக்குன்னேன். அந்த நட்சத்திரம் வெறுங்கண்ணுக்கு தெரியாது, இருட்டான ஒரு துண்டு வானம்தான். அம்மா ரொம்ப நேரம் அந்த இடத்தையே பாத்துட்டு, "கோஸ் வாடை அடிக்குதான்னா பாக்கறாங்க அவ்ளோ தூரத்துல"ன்னாங்க. ஆமாம்மான்னேன்.